ஜுல்ஃபா ஆர்மேனியப் பேச்சும் அதன் தேய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை பாரிமுனையில், அரண்மனைக்காரன் தெருவில் உள்ள ஆர்மேனியத் தேவாலயத்துக்கு நண்பர்களையும் மாணவர்களையும் பல ஆண்டுகளாக அழைத்துச் செல்கிறேன். முற்றத்தில் பதித்திருக்கும், ஈரானின் ஜுல்ஃபாவிலிருந்து வந்த ஆர்மேனிய வணிகர் வீட்டாரின் கல்லறைக் கற்களைப் பார்த்தவுடன் அவர்கள் எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: இந்த மனிதர்கள் என்ன மொழி பேசினார்கள், அந்தப் பேச்சு இப்போது எங்கே போயிற்று என்பனவே அவை. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, என்னால் இயன்ற தெளிவோடு விடை எழுதியிருக்கிறேன்.

ஜுல்ஃபா பேச்சு என்றால் என்ன? அது ஒரு தனி மொழியா?

தனி மொழி அன்று. ஆர்மேனிய மொழியின் வட்டார வழக்குகளில் ஒன்று. ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்தை ஒட்டிய புது ஜுல்ஃபா என்னும் ஆர்மேனியக் குடியிருப்பில் பேசப்பட்டு வந்ததால் அதற்கு அந்தப் பெயர். ஆர்மேனியர்கள் தம்மை ‘ஹாய்’ என்றும் தம் மொழியை ‘ஹாயெரென்’ என்றும் சொல்வார்கள். அந்த ஹாயெரென், மலைகளாலும் அரசுகளாலும் பிரிக்கப்பட்ட ஊர்களில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து, ஒன்றைப் பேசுபவருக்கு மற்றொன்று எளிதில் விளங்காத அளவுக்குக் கிளைத்த மொழி. ஜுல்ஃபா வழக்கும் அப்படி வெகுதூரம் விலகிப்போன கிளைகளில் ஒன்றுதான்.

ஆர்மேனியர் ஈரானுக்கு எப்படி வந்தார்கள்? ‘புது’ ஜுல்ஃபா என்றால் பழையது எங்கே?

பழைய ஜுல்ஃபா, அராஸ் ஆற்றின் கரையில், இன்றைய அஜர்பைஜானுக்கு உட்பட்ட நக்கிச்செவான் பகுதியில் இருந்தது. பட்டு வணிகத்தில் செழித்த ஊர் அது. உதுமானியருக்கும் ஈரானின் சஃபாவிய அரசுக்கும் நடந்த போரின்போது, 1604இல் ஷா அப்பாஸ் அந்த வட்டாரத்து ஆர்மேனியரை வலுக்கட்டாயமாக ஈரானுக்குள் பெயர்த்துச் சென்றார். அடுத்த ஆண்டு ஊரும் அழிக்கப்பட்டது. ஆற்றைக் கடக்கும்போதும் வழியிலும் ஏராளமானோர் மாண்டனர்.

பிழைத்து வந்த ஜுல்ஃபா வணிகர்களுக்கு இஸ்ஃபஹானில் ஜாயந்தே ஆற்றின் தென்கரையில் நிலம் ஒதுக்கப்பட்டது. விட்டு வந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்துக்கொண்டார்கள். ஈரானிலேயே அச்சிடப்பட்ட முதல் நூல், 1638இல் வெளிவந்த, விவிலியத்தின் சங்கீதங்கள் அடங்கிய ஆர்மேனியப் புத்தகம், இந்தக் குடியிருப்பில்தான் உருவாயிற்று. பேச்சையும் அவர்கள் அராஸ் ஆற்றங்கரையிலிருந்தே கொண்டுவந்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இஸ்ஃபஹானில் புதிதாகப் பிறந்த பேச்சு அன்று அது.

ஆர்மேனியத்தில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு உண்டு என்கிறார்களே, இது எதில் சேரும்?

கிழக்கில். ஹ்ராச்சியா அஜாரியான் என்ற மொழியியலாளர் 1909இல் ஆர்மேனிய வட்டார வழக்குகளை நிகழ்கால வினை அமையும் விதத்தை அடிப்படையாகக் கொண்டு மூன்று கிளைகளாகப் பிரித்தார். வினையோடு ‘உம்’ என்ற ஈறு சேர்த்து நிகழ்காலம் சொல்பவை ஒரு கிளை. யெரெவான், திபிலிசி, கரபாக் ஆகிய இடங்களின் பேச்சோடு ஜுல்ஃபாவையும் அவர் அதில் வைத்தார். கிழக்கு ஆர்மேனியம் என்று பொதுவாகச் சொல்வது இந்தக் கிளையைத்தான். பின்னாளில் ஜுல்ஃபா பேச்சுக்கென்றே தனியாக ஓர் ஆய்வையும் எழுதி 1940இல் வெளியிட்டார். இந்த வழக்கைப் பற்றிப் பேசும் எவரும் இன்றும் அந்த ஆய்விலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

காதால் கேட்டால் என்ன வித்தியாசம் தெரியும்? ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்களேன்.

பழைய சுலோகப் புத்தகங்களில் ‘க’ எழுத்தின் மேல் 2, 3, 4 என்று சிறிய எண் போட்டிருப்பார்கள் அல்லவா? சமஸ்கிருதத்தின் நான்கு ககரங்களைத் தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்ட நம் அச்சுக்கூடங்கள் கண்ட வழி அது. அந்த எண்கள் இங்கே பெரிதும் உதவும். யெரெவானை மையமாகக் கொண்ட பொதுக் கிழக்கு ஆர்மேனியத்தில் சாதாரண க, மூச்சோடு வரும் க², அதிரும் க³ என மூன்று வகை ஒலிகள் உண்டு. ஜுல்ஃபாவில் நான்காவதும் உண்டு: மூச்சு கலந்து அதிரும் க⁴. ககரத்துக்கு மட்டுமன்றித் தகரத்துக்கும் பகரத்துக்கும் இதே நான்கு வகை உண்டு.

இதன் அழகு எதிர்கால வினையில்தான் தெரியும். எதிர்காலம் காட்ட வினையின் முன்னால் ஒரு ‘க்’ சேரும். பொது வழக்கில் அது என்றும் ஒரே ‘க்’ ஆகவே எழுதப்படுகிறது. ஜுல்ஃபாக்காரர் வாயில் அது பின்னால் வரும் எழுத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். ‘கொடுப்பேன்’ என்ற சொல்லில் த-வுக்கு முன்னால் சாதாரண க். ‘விடுவேன்’ என்பதில் த²-வுக்கு முன்னால் க்². ப³-வில் தொடங்கும் வினைக்கு முன்னால் க்³. ‘கொண்டு வருவேன்’ என்பதில் ப⁴-வுக்கு முன்னால் க்⁴. ஒரே ஒரு முன்னொட்டு நான்கு உருவில் வரும் இந்த ஒழுங்கை 1990களில் பெர்ட் வாக்ஸ் என்ற மொழியியலாளர் விரிவாக ஆராய்ந்தார். ஒலியியல் பயிலும் மாணவர்கள் பல நாடுகளில் இதைப் பயிற்சிக் கணக்காகவே போட்டுப் பார்க்கிறார்கள். பேசுவோர் குறைந்துவரும் ஒரு பேச்சின் நுட்பம் பாடப் பயிற்சியில் வாழ்வதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே எழுகின்றன.

அந்த க⁴ எல்லாம் இந்தியாவுக்கு வந்து போனதால் ஒட்டிக்கொண்டதுதானே? இந்தி மாதிரியே இருக்கிறதே.

அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் உண்மை அன்று. இந்தியாவோடு தொடர்பே இல்லாத வேறு சில ஆர்மேனிய வட்டாரங்களிலும், துருக்கியின் உள்நாட்டுப் பகுதியான சிவாஸில்கூட, இந்த மூச்சு கலந்த ஒலிகள் பதிவாகியிருக்கின்றன. ஆகவே இவை ஆர்மேனியத்துக்கு உள்ளேயே இருந்த பழம்பொருள் என்று கருத வலுவான காரணம் உண்டு. பயணத்தால் வந்து சேர்ந்தவை ஒலிகளல்ல, சொற்கள். அவற்றைக் கடிதங்கள் பற்றிய விடையில் சொல்கிறேன்.

ஒரு சின்ன ஊரின் பேச்சு ஆம்ஸ்டர்டாமிலிருந்து மணிலா வரை போனது என்கிறீர்கள். எப்படி?

வணிக முறையால். ஜுல்ஃபாவில் இருக்கும் பெரிய வீட்டின் தலைவர் முதல் போடுவார். வீட்டு மகனோ நம்பிக்கைக்குரிய வேறோர் இளைஞனோ அந்த முதலை வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வெளியூர் சுற்றி, திரும்பி வந்து கணக்கை ஒப்புவித்து லாபத்தில் தன் பங்கைப் பெறுவான். இந்த வகையில் வெனிஸ், லிவோர்னோ, ஆம்ஸ்டர்டாம், மாஸ்கோ, அலெப்போ, பஸ்ரா, சூரத், சென்னை, கல்கத்தா, மணிலா எல்லா இடங்களிலும் ஜுல்ஃபாக்காரர்கள் இருந்தார்கள். பையன்களைத் தயார் செய்ய 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோன்ஸ்டான்ட் என்ற ஆசிரியர் அங்கே பள்ளி நடத்தினார். எந்த ஊரில் என்ன நிறை, என்ன அளவு, என்ன நாணயம், எந்தச் சரக்கு என்று கற்பிக்கும் கையேட்டையும் எழுதி வைத்தார்.

ஹோவன்னெஸ் என்ற ஜுல்ஃபா வணிகர் ஒருவரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். 1682இல் புறப்பட்ட இவர், வட இந்தியாவையும் நேபாளத்தையும் கடந்து திபெத்தின் லாசா நகரத்தில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தங்கிக் கஸ்தூரியும் பிறவும் வாங்கி விற்றார். 1693 வரையிலான தம் வரவுசெலவு முழுவதையும் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதினார். அந்தப் புத்தகம் இன்று லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. லாசாவின் குளிரில் அமர்ந்து அவர் கஸ்தூரிக் கணக்கு எழுதிய பேச்சு, அராஸ் ஆற்றங்கரைப் பேச்சு.

பேச்சு வழக்கில் போய் யாராவது வியாபாரக் கடிதம் எழுதுவார்களா? எழுத்துக்கென்று தனி மொழி கிடையாதா?

உண்டு. கி.பி. 405இல் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் எழுத்துகளை உருவாக்கியதிலிருந்து வளர்ந்த செவ்வியல் மொழிக்கு ‘கிராபர்’ என்று பெயர்; ‘எழுதப்பட்டது’ என்று பொருள். வழிபாடு, வரலாறு, பாடல் எல்லாம் அதில்தான். ஆனால் வணிகனுக்கு அவசரம். சரக்கின் விலையும் கப்பலின் வரவும் எழுத கிராபரின் இலக்கணத்தை அவன் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே வாயில் வந்ததை அப்படியே எழுதினான். ஆர்மேனியத்தின் வட்டாரப் பேச்சு ஒன்று 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இவ்வளவு பெரிய அளவில் தாளில் ஏறியது ஜுல்ஃபாவினால்தான் என்று நான் துணிந்து சொல்வேன்.

1748இல் இந்தியப் பெருங்கடலில் ‘சாந்தா கத்தரினா’ என்ற கப்பலை ஆங்கிலேயக் கடற்படை பிடித்தது. அதிலிருந்த ஆர்மேனிய வணிகர் கடிதங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, வழக்குச் சான்றுகளாக லண்டன் போய்ச் சேர்ந்து ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன. செபூ அஸ்லானியான் என்ற வரலாற்றாசிரியர் அவற்றை ஆராய்ந்த பிறகே அவற்றின் மதிப்பை உலகம் முழுமையாக உணர்ந்தது. அவற்றில் நம் வணிகர்கள் ‘உண்டி’ என்று சொன்ன பணமாற்றுச் சீட்டு ‘பராத்’ என்று பாரசீகச் சொல்லால் வருகிறது. பாரசீகம், இத்தாலியம், இந்திய மொழிகள் என வழியில் கேட்ட சொற்கள் எல்லாம் உள்ளே கலந்திருக்கின்றன. தேதிகூட ஊருக்கே உரியது: ஜுல்ஃபாவைச் சேர்ந்த அஸாரியா வகுத்த நாள்காட்டியில் 1616ஆம் ஆண்டுதான் முதல் ஆண்டு, மார்ச் மாதத்தில் ஆண்டு பிறக்கும், முதல் மாதத்தின் பெயர் ‘ஷம்ஸ்’, அதாவது சூரியன். 131 என்று ஆண்டு போட்ட கடிதத்தை எடுத்தால் அது 1746ஆம் ஆண்டு மார்ச்சிலிருந்து அடுத்த மார்ச்சுக்குள் எழுதப்பட்டது என்று நாம் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வெளியாருக்குப் புரியக் கூடாது என்று வேண்டுமென்றே எழுதிய ரகசிய பாஷையா இது?

இல்லை. மறைப்பதற்காக உருவாக்கிய மொழி அன்று, வீட்டில் பேசியதேதான். ஆனால் பயன் ஏறத்தாழ அதுவாகவே அமைந்தது. நிறுத்தக்குறிகள் இல்லாமல், சுருக்கெழுத்துகளோடு எழுதிய அந்தக் கடிதங்களை, கிராபர் நன்கு கற்ற வேற்றூர் ஆர்மேனியரும் எளிதில் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்தவன் என்றால் அவன் ஜுல்ஃபாக்காரன்; ஜுல்ஃபாக்காரன் என்றால் அவனுடைய தகப்பனாரும் வீடும் தெரியும்; வீடு தெரிந்தால் கடன் கொடுக்கலாம். பேச்சு நம்பிக்கைக்குப் பிணையாக நின்றது. தேய்வைப் பற்றிக் கீழே சொல்லும்போது இதை மறுபடியும் குறிப்பிட வேண்டியிருக்கும்.

சென்னைத் தேவாலயத்துக் கற்களில் இருப்பது இந்தப் பேச்சுதானா?

பெரும்பாலும் இல்லை. கல்லறைக் கல் என்பது வழிபாட்டோடு சேர்ந்தது. அதற்குரிய மொழி கிராபர். 1712இல் தொடங்கி 1772இல் இன்றைய இடத்தில் அமைந்த அந்தத் தேவாலயத்தின் முற்றத்தில் நாம் காண்பது, ஜுல்ஃபா வீட்டாரின் பெயர்களைச் செவ்வியல் மொழியில் பொறித்த கற்களை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிய ஆர்மேனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் வைத்த கல்வெட்டில் பாரசீகம், ஆர்மேனியம், இலத்தீன் மூன்றும் உண்டு. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் கல்லில் வீட்டுப் பேச்சுக்கு இடமில்லை.

உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794 அக்டோபரில் சென்னையில்தான் வெளிவந்தது. ஹருத்யுன் ஷ்மாவோன்யான் என்ற பாதிரியார் நடத்திய அந்த இதழ் 1796 வரை 18 எண்கள் வந்தது. அதன் மொழியும் அடிப்படையில் கிராபரே. ஆகவே சென்னையில் இந்தப் பேச்சைத் தேடுவோர் கல்லைவிடத் தாளையும், அச்சைவிடக் கையெழுத்தையும் நாட வேண்டும்.

‘அரண்மனைக்காரன் தெரு’ என்பது அவர்கள் மொழிச் சொல்லா?

இல்லை, அது நம் காது செய்த வேலை. ‘அர்மனி’ என்று கேட்டதை ‘அரண்மனை’ ஆக்கிக்கொண்டோம். முதல் விடையில் சொன்னபடி அவர்கள் தம்மை ‘ஹாய்’ என்றே அழைத்துக்கொண்டவர்கள்.

இந்தப் பேச்சு எப்போது தேய ஆரம்பித்தது?

இரண்டு கட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பேச்சின் பரப்பு சுருங்கியது. 1722இல் ஆப்கானியர் இஸ்ஃபஹானை முற்றுகையிட்டுப் பிடித்தபோது புது ஜுல்ஃபா பெருந்தொகையைத் தண்டமாகக் கொடுக்க நேர்ந்தது. 1747இல் ஈரான் மன்னர் நாதிர் ஷா பணம் கேட்டு வதைத்ததும் வணிகர்கள் சிலரைத் தீயிலிட்டுக் கொன்றதும் எஞ்சியிருந்த வீடுகளையும் முறித்தன. வசதி உள்ளவர்கள் இந்தியாவுக்கும் பஸ்ராவுக்கும் ரஷ்யாவுக்கும் போனார்கள். மையம் உடைந்தவுடன் தூரத்துக் கிளைகள் ஒவ்வொன்றாக அந்தந்த ஊரோடு கரைந்தன.

இரண்டாவது கட்டம் மெதுவானது. ஜுல்ஃபாவின் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அடுத்த விடை அதைப் பற்றியது.

வியாபாரம் போனால் பேச்சு ஏன் போக வேண்டும்? வீட்டில் பேசிக்கொண்டே இருக்கலாமே.

பேசினார்கள், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பேசினார்கள். ஆனால் ரகசிய பாஷை பற்றிய கேள்விக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: இந்தப் பேச்சைத் தெரிந்து வைத்திருப்பதில் ஒரு காலத்தில் பணமும் மானமும் இருந்தன. அது போனபின் மிஞ்சியது ஊர்ப்பற்று மட்டுமே. 19ஆம் நூற்றாண்டில் யெரெவானைச் சூழ்ந்த அராரத் சமவெளியின் பேச்சை அடித்தளமாகக் கொண்டு நவீன கிழக்கு ஆர்மேனிய எழுத்து மொழி உருவானது. பாடநூலும் செய்தித்தாளும் மேடைப்பேச்சும் அதில் வந்தன. பள்ளிக்குப் போன பிள்ளை ‘கொண்டு வருவேன்’ என்பதைப் பாட்டியின் க்⁴-வோடு சொன்னால் ஆசிரியர் திருத்தினார். திருத்தியவரின் எண்ணத்தில் தீமை ஏதும் இல்லை. பிள்ளை நல்ல ஆர்மேனியம் பேச வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

அதோடு குடிபெயர்வும் சேர்ந்தது. இஸ்ஃபஹானுக்கு மேற்கே பெரியா பகுதிக் கிராமங்களிலிருந்து, வேறு பேச்சுகளைப் பேசிய ஆர்மேனியர் 20ஆம் நூற்றாண்டில் புது ஜுல்ஃபாவுக்கு வந்து குடியேறினார்கள். ஜுல்ஃபாக்காரர்களோ வேலை தேடி டெஹ்ரானுக்குப் போனார்கள்; 1946ஐ ஒட்டிப் பலர் சோவியத் ஆர்மேனியாவுக்கும், 1979 புரட்சிக்கும் ஈராக் போருக்கும் பிறகு இன்னும் பலர் கலிஃபோர்னியாவுக்கும் போனார்கள். வெவ்வேறு பேச்சுடைய இருவர் மணம் புரிந்த வீட்டில் இருவருக்கும் பொதுவான எழுத்து வழக்கே வீட்டு மொழியாகிவிடும். இன்று இந்தப் பேச்சை இயல்பாகப் பேசுவோரில் பெரும்பாலோர் முதியவர்கள்.

ஈரான் அரசு தடை செய்ததால் அழிந்தது என்று ஒரு நண்பர் சொன்னாரே?

1936இல் ரெஸா ஷா ஆட்சி ஆர்மேனியப் பள்ளிகளை மூடியது உண்மை. அவர் 1941இல் பதவி இழந்த பிறகு அவை மீண்டன. ஆனால் அந்த அடி ஆர்மேனிய மொழி முழுவதற்கும் விழுந்தது. ஜுல்ஃபா பேச்சின் இடத்தைப் பிடித்தது பாரசீகத்தைவிட முதலில் பொது ஆர்மேனியமே. சமூகம் தன் மொழியைக் காக்க எழுப்பிய பள்ளியே வட்டாரப் பேச்சைக் கரைத்தது என்பதைச் சொல்வது கடினமாக இருந்தாலும், அதைச் சொல்லாமல் விட்டால் நடந்தது விளங்காது.

இந்தியாவிலும் கிழக்காசியாவிலும் இருந்த ஜுல்ஃபாக்காரர்கள் என்ன ஆனார்கள்?

ஆங்கிலத்துக்கு மாறினார்கள். கல்கத்தாவில் 1821இல் ஆர்மேனியக் கல்லூரி தொடங்கப்பட்டு, ஜுல்ஃபாவிலிருந்து பையன்கள் கப்பலேறி வந்து படித்தார்கள். அதனால் கல்கத்தாவில் இந்தப் பேச்சின் ஒலி சென்னையைவிட நெடுநாள் நின்றது. சிங்கப்பூரில் 1887இல் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய சார்கீஸ் சகோதரர்களும் இஸ்ஃபஹானிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அடுத்த தலைமுறையின் பள்ளியும் வணிகமும் ஆங்கிலத்தில் நடந்தன.

யுனெஸ்கோவின் அழிந்துவரும் மொழிகள் பட்டியலில் இது இருக்கிறதா?

அத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் மொழிகளை எண்ணுகின்றன. ஒரு மொழிக்குள் இருக்கும் வட்டார வழக்குகளை எண்ணுவதில்லை. துருக்கியில் மேற்கு ஆர்மேனியமும், கருங்கடல் கரையில் பேசப்படும் ஹம்ஷென் பேச்சும் 2010 பதிப்பில் இடம்பெற்றன. கிழக்கு ஆர்மேனியத்துக்கோ ஒரு நாடும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அதனால் அதன் நிழலில் இருக்கும் ஜுல்ஃபா கணக்கில் வராமல் போகிறது.

ஆர்மேனியா என்று ஒரு நாடே இருக்கிறது, மொழி வாழ்கிறது. ஒரு ஊர்ப் பேச்சு போனால் என்ன நஷ்டம்?

நான்காவது விடையில் சொன்ன க்⁴ பொது ஆர்மேனியத்தில் இல்லை. ஆர்மேனியாவின் பள்ளிகள் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அது திரும்ப வராது. கடிதங்களின் நிலையும் அதுவே. ஒரு கடிதத்தில் வரும் சொல் சரக்கின் பெயரா, வசையா, வீட்டார் செல்லமாகச் சொல்வதா என்பதை, அந்தப் பேச்சில் வளர்ந்த பாட்டி ஒரு நொடியில் சொல்வார். அவர் இல்லாதபோது ஆய்வாளர் அகராதிகளில் ஒரு வாரம் தேட வேண்டும். எனக்கு இந்த இழப்பு பெரிதாகவே படுகிறது.

பழைய ஜுல்ஃபாவில் இப்போது யாராவது இந்தப் பேச்சைப் பேசுகிறார்களா?

இல்லை. 1604க்குப் பின் அங்கே பழைய வாழ்வு திரும்பவே இல்லை. ஆயிரக்கணக்கான சிலுவைக் கற்கள் நின்ற அதன் கல்லறைத் தோட்டமும் 1998இல் தொடங்கிய இடிப்பில் 2005 டிசம்பருக்குள் முற்றிலும் அழிக்கப்பட்டது.

நான் இதைக் கற்றுக்கொள்ள விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எழுத்துகளையும் பொதுக் கிழக்கு ஆர்மேனியத்தையும் கற்க வேண்டும். ஈரானிய ஆர்மேனியர் 1922இன் சோவியத் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்காமல் பழைய எழுத்துமுறையையே கையாள்கிறார்கள். கடிதங்களும் அந்த முறைக்கே நெருக்கமானவை என்பதால், தொடக்கத்திலேயே பழைய முறையில் படிப்பது நல்லது. பிறகு அஜாரியானின் 1940 ஆய்வு. அதன் பின்னரே கடிதங்களிடம் போக வேண்டும்.

கடிதத்தைக் கண்ணால் மட்டும் படிக்க வேண்டாம். எழுதியவன் காதால் கேட்டதை எழுதினான். ஆகவே வாய்விட்டுப் படிக்கும்போதுதான் நிறுத்தக்குறி இல்லாத வரியில் எங்கே நிற்பது என்று பிடிபடும். மேலே ஷம்ஸ் என்றோ வேறு மாதத்தின் பெயரோ இருக்கும். ஆண்டெண்ணோடு 1615ஐக் கூட்டிக்கொண்டு தொடங்குங்கள்.